சிற்றாணி

தேரின் அழகைப் பாடியவர் பலர். அதன் சக்கரம் கழன்று ஓடாமல் காக்கும் ஆணியை எண்ணிப் பார்த்தவர் சிலர். வள்ளுவர் அந்தச் சிலருள் ஒருவர். உருவத்தைக் கண்டு எவரையும் இகழலாகாது என்று சொல்ல வந்தவர், 667ஆம் குறளில் அச்சாணியையே எடுத்துக் காட்டினார். அச்சு வேறு, அச்சாணி வேறு. அச்சு பாரத்தைத் தாங்குகிறது. அச்சாணி தேரை இழுப்பதுமில்லை, ஓட்டுவதுமில்லை. சக்கரம் வெளியே நழுவப் பார்க்கும்போது 'நில்' என்று தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

இத்தகைய ஆணிகள் இரண்டை நான் என் விரல்களால் பொருத்தியிருக்கிறேன். ஒன்று துப்பாக்கியில், மற்றொன்று தறி நாடாவில்.

பட்டப் படிப்பின்போது தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தேன். முகாமில் எங்களுக்கு எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைக் காட்டினார்கள். பெல்ஜியம் நாட்டு எஃப்.என். ஃபால் துப்பாக்கியின் வழியில், 1960களில் வங்காளத்து இச்சாப்பூரில் செய்யத் தொடங்கிய துப்பாக்கி அது. தோட்டாவின் விட்டம் 7.62 மில்லிமீட்டர். 'கோல்னா, ஜோட்னா' என்று இந்தியில் கட்டளை பிறக்கும். பிரிக்க வேண்டும், பிறகு சேர்க்க வேண்டும்.

தோட்டா வெடித்ததும் குழலில் எழும் வாயுவில் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன், 'போல்ட் கேரியர்' என்னும் இரும்புச் சட்டத்தைப் பின்னே தள்ளுகிறது. சட்டம் தன்னுள் இருக்கும் அடைப்புக் கட்டையின் பின்புறத்தைத் தூக்கிப் பூட்டை விடுவிக்கிறது. வெற்றுக் குப்பி வெளியே விழுகிறது. சுருள்வில் அனைத்தையும் மீண்டும் முன்னே தள்ள, அடுத்த தோட்டா ஏறுகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்திற்குள்!

அந்த அடைப்புக் கட்டைக்குள் ஒரு வெடியூசி உண்டு. சுத்தியல் அதன் பின்தலையில் அடித்தால், முன்முனை தோட்டாவைக் குத்தும். அந்த ஊசி பின்புறமாகக் கழன்று விழாதபடி குறுக்கே ஒரு சிற்றாணி காவல் நிற்கிறது. அதைப் பொருத்துவது எப்படி? ஊசியைச் சுருள்வில்லோடு உள்ளே இட்டு, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஊசியின் உடலிலுள்ள பள்ளம் குறுக்குத் துளைக்கு நேராக வரும்போது ஆணி தானே நுழையும். விரலை எடுத்தால் வில் ஊசியைப் பின்னே தள்ளும். ஊசி ஆணியில் அழுந்தி நிற்கும். பள்ளம் நேரே வராவிட்டால், மல்லனே வந்து தள்ளினாலும் ஆணி நுழையாது. எங்களுக்குக் கற்றுத்தந்த ஹவில்தார், சுத்தியலை எங்கள் கண்ணிலேயே காட்டவில்லை!

இனி என் ஊருக்கு வருகிறேன். கொள்ளேகால் பட்டுக்குப் பேர்போன ஊர். என் பாட்டனார் சேலத்துப் பக்கமிருந்து நெசவு பிழைக்க அங்கே வந்தார். அப்போது அது கோயமுத்தூர் மாவட்டத்தில், சென்னை மாநிலத்துக்குள்ளேயே இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை திருத்தப்பட, கொள்ளேகால் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. பாட்டனார் தறியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் குடியிருந்த மாநிலம்தான் மாறியது! 1997 முதல் எங்கள் ஊர் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. நாங்கள் நாடா என்பதை அண்டை வீட்டார் 'லாளி' என்பர். ஆணியை அவர்கள் 'மொளெ' என்னும்போது, நம் 'முளை' நினைவுக்கு வரும்.

கயிற்றைச் சுண்டினால் பறக்கும் நாடாவை 1733ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கண்டார். எங்கள் வீட்டு நாடாவும் அந்த வழியில் வந்ததே. மரத்தாலான அதன் வயிற்றில் ஒரு கம்பி இருக்கிறது. ஊடை நூல் சுற்றிய தாரை அதில்தான் செருகுவோம். தார் மாற்றும்போது கம்பி மேலே எழவேண்டும். ஓடும்போது படுத்திருக்க வேண்டும். அதற்காகக் கம்பியின் அடியில் ஒரு தகட்டு வில். கம்பியையும் மரத்தையும் துளைத்துக் குறுக்கே ஒரு சிற்றாணி. மரம் உலர்ந்தால் ஆணி தளரும். தளர்ந்தால் நூலளவு வெளியே தலைநீட்டும். அந்த நூலளவு போதும், பாவில் பட்டிழைகளை அறுத்தெறிய.

சென்ற தசரா விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று தறி ஓடிய வீட்டில் இன்று ஒன்றுதான் ஓடுகிறது. விசைத்தறியோடு போட்டியிட முடியவில்லை. அப்பாவுக்குக் கண்ணும் மங்கி வருகிறது. மாமா வந்திருந்தார். "பையன் எம்.எஸ்ஸி. முடிக்கப் போறான். இதையும் கொடுத்திடுங்க மச்சான். படிச்ச பிள்ளை வீட்ல தறி எதுக்கு?" என்றார். அப்பா, "இந்தப் பாவு முடியட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே நாடாவின் ஆணி தலைநீட்டிவிட்டது. நாற்பது இழைகளுக்கு மேல் அறுந்தன. ஒரு கல்யாணச் சேலை அது. அப்பாவும் அம்மாவும் விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வோர் இழையாகப் பிணைத்தார்கள். பிறகு அப்பா, பழைய சைக்கிள் சக்கரக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, முனையை அரத்தால் தேய்த்து, நாடாவோடு என்னிடம் நீட்டினார். "எனக்குத் துளை தெரியலை. நீ போடு."

கம்பியின் அடியை வில்லின்மேல் அழுத்திப் பிடித்தேன். ஆணி பாதியில் நின்றது. "அடிக்காதே கண்ணு. இடம் வந்தா அதுவே போகும்" என்றார் அப்பா. மயிரிழை அளவு விரலைத் தாழ்த்தினேன். ஆணி போயிற்று. இருபுறமும் மரத்தோடு மரமாகத் தேய்த்துக் கொடுத்தேன். அப்பா விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார்.

நான் பௌதிகம் படிக்கிறவன். விசை, உராய்வு, மீள்தன்மை என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறியிருக்கிறேன். ஆனால், தடை வரும்போது விசையைக் கூட்டுவதைவிடத் திசையைத் திருத்துவதே மேல் என்பதை, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தை எனக்கு முன்பே அறிந்திருக்கிறார். அறிவு ஒன்றுதான். ஒருவருக்கு அது ஏட்டில் இருக்கிறது, மற்றவருக்கு விரல் நுனியில் இருக்கிறது. ஏட்டில் இருப்பதற்குப் பட்டம் தருகிறோம். விரலில் இருப்பதை, "படித்த பிள்ளை வீட்டில் எதற்கு?" என்று கேட்கிறோம்! இது நீதியா, நண்பர்களே?

தறியை விற்பதும் வைத்திருப்பதும் அப்பாவின் முடிவு. வருவாயில்லாத தொழிலைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "விற்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு முழமாவது நெய்யச் சொல்லித் தாங்கப்பா." சற்று நேரம் என்னைப் பார்த்தார். "அடுத்த லீவுக்கு வா" என்றார்.

நம் சங்கத்தில் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. கொல்லர், குயவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் பெற்றோர் கையிலிருக்கும் கருவியைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஓர் ஆணியையாவது அவர்கள் கண்முன் பொருத்திப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.