உருகாத வெல்டிங்

திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனில் நின்றுகொண்டு, "ராக்கெட் ஆராய்ச்சி எங்கே நடக்குது?" என்று கேட்டுப்பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டா என்பார்கள். விவரமானவர்கள் திருவனந்தபுரம் என்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற சிதம்பரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றாலே நமக்கு அஞ்சல் வழிப் பட்டம்தானே!

விஷயம் இதுதான். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகளை ஏஏ 2219 என்ற அலுமினியக் கலவையில் செய்கிறார்கள். செம்பு கலந்தது, லேசானது, கடுங்குளிரையும் தாங்கும். ஆனால், வழக்கம்போல் உருக்கி வெல்டிங் வைத்தால் ஒட்டிய இடம் பலம் குறைந்துவிடும். சமயத்தில் உள்ளே காற்றுக்குமிழும் நின்றுவிடும். உங்கள் தெருப் பட்டறையில் கேளுங்களேன், "இரும்புன்னா கண்ணை மூடிக்கிட்டு வெப்பேன், அலுமினியம் மட்டும் வேணாம் சார்" என்பார்.

1991-ல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. உலோகத்தை உருக்கவே வேண்டாம். இரண்டு தகடுகளை நெருக்கிவைத்து, சேருகிற இடத்தில் ஒரு முனையைச் சுழலவிட்டு அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அலுமினியம் இளகும். முனை அதைப் பரோட்டா மாவு மாதிரி பிசைந்துகொண்டே நகரும்.

சரி, அந்த முனை என்ன வடிவத்தில் இருக்க வேண்டும்? உருளை, கூம்பு, மரை, முக்கோணம், சதுரம் என ஐந்தையும் வெவ்வேறு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, அண்ணாமலைப் பல்கலையின் கே.இளங்கோவனும் வி.பாலசுப்பிரமணியனும் 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜெயித்தது சதுரம். உருளை சும்மா வழுக்கிச் சுற்றும். சதுரத்துக்கு நாலு முகம், சுற்றுக்கு நாலு தட்டு. நிமிடத்துக்கு 1,600 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 107 தட்டு. பி.காம். படித்த எனக்கே புரிகிறது!

எங்கள் தெருவில் மெக்கானிக்கல் முடித்த பெண் ஒருத்தி, இந்த ஆராய்ச்சியில் சேர ஆசைப்பட்டாள். கையில் சென்னை சாஃப்ட்வேர் கம்பெனி வேலை இருந்தது. வீட்டில் யுத்தம். "வெல்டிங் வைக்கவா இவ்ளோ படிக்க வெச்சோம்? மாப்பிள்ளை வீட்டுல என்னன்னு சொல்றது?" என்றார் அப்பா. வரவு செலவு பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். உதவித்தொகை அந்தச் சம்பளத்துக்குக் கிட்டேகூட வராது. ஆனாலும் நான் அவள் கட்சி. கோடு போட்டதுபோன்ற ஓர் ஒட்டில் கசிவு வந்தால் மொத்த ராக்கெட்டும் போச்சு. அதைத் தடுக்க யாராவது வருஷக்கணக்கில் தகடும் முனையுமாக உட்கார்ந்தே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு வேறு கவலை. "கண்ணு கெட்டுடுமே தம்பி?"

"இதுல தீப்பொறி கிளம்பாதுக்கா, கண்ணைக் கூசுற வெளிச்சமும் கிடையாது" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகளிடம், "கேட்டா ராக்கெட்டுன்னு சொல்லு. வெல்டிங்னு வாயைத் திறக்காதே" என்றார்.