பில்லர் போனா ஸ்லாப் தாங்குமா?

சிவில் பசங்ககிட்ட, "கட்டடத்துல எது முக்கியம்?"னு கேட்டுப் பாருங்க. "பில்லர்!"னு பட்டுனு பதில் வரும். அடுத்து பீம். ஸ்லாப்? அது பீம் மேல ஏறி உட்கார்ந்திருக்கிற பாரம், அவ்வளவுதான். நானும் சிவில்தான், மூணாவது வருஷம். அந்தப் 'பார'த்துக்காகத்தான் இன்னிக்கு வக்காலத்து வாங்கப்போறேன்.

ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்து கீழ்த்தளத்து பில்லர் ஒண்ணைச் சாய்ச்சிடுதுனு வச்சுக்கோங்க. அதோட ரெண்டு பக்கமும் இருந்த பீம்கள் இப்போ ஒரே நீள பீம். நீளம் ரெண்டு மடங்கு. வளைக்கிற மொமென்ட்டோ கிட்டத்தட்ட நாலு மடங்கு! பீம் தனியா இருந்தா அதோட கதை முடிஞ்சது.

இங்கதான் ஸ்லாப் என்ட்ரி. லேசா தொய்யும்போது அதோட விளிம்பு வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும். சுத்தியிருக்கிற ஸ்லாப் விடாது. அந்த அமுக்கத்துலயே ஒரு தட்டையான ஆர்ச் மாதிரி கொஞ்ச நேரம் நிக்கும். இன்னும் தொய்ஞ்சா கான்கிரீட் விரிசல் விட்டுடும். அப்புறம் கம்பியோட வேலை. நாலு பேர் நாலு பக்கமும் இழுத்துப் பிடிச்ச போர்வையில தேங்காயைப் போட்டா விழுமா? அதே டெக்னிக். பாரம் பக்கத்து பில்லர்களுக்குப் போயிடும். உள்ளே இருக்கிறவங்க ஓடி வர நேரம் கிடைக்கும். மூலை பில்லர் போனாத்தான் பேஜார். ரெண்டு பக்கம் போர்வையைப் பிடிக்க ஆளே இல்லையே!

இதெல்லாம் நடக்கணும்னா கம்பி அறுந்துபோகாம ஓடணும். பில்லர் இருக்கிற வரைக்கும் அந்த இடத்துல பீமோட மேல்கம்பிதான் இழுவையைத் தாங்கும். பில்லர் போனதும் நிலைமை தலைகீழ், அடிக்கம்பிதான் தாங்கணும். கன்டினியூவஸ் பீம்ல அடிக்கம்பியில நாலுல ஒரு பங்காவது சப்போர்ட்டுக்குள்ள நுழையணும்னு ஐ.எஸ். 456:2000 சொல்லுது. என்னைக் கேட்டா, நுழைஞ்சா போதாது. அந்தப் பக்கம் வந்து அடுத்த பீம் கம்பியோட கைகோக்கணும்.

ஆவடி பக்கம் ஒரு சைட்ல, ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள், கம்பி கட்டுற அண்ணன்கிட்ட இதைக் கேட்டேன். "டிராயிங்ல இருக்கிறதைத்தானம்மா கட்டுவோம்"னார். நியாயம்தானே?

இன்னொரு விஷயம். பாரத்தை வாங்கிக்க பக்கத்து பில்லர்ல தெம்பு இருக்கணும். போரூர் தாண்டி குன்றத்தூர் ரோட்டுல மௌலிவாக்கம். 2014 ஜூன் 28 சாயந்திரம், மழை நேரம், கட்டிக்கிட்டிருந்த 11 மாடி மொத்தமா இறங்குச்சு. ஒரு பில்லர் விட்டதை இன்னொண்ணு ஏத்துக்கிற கதையே அங்க நடக்கல. கைகொடுக்க வேண்டிய ஸ்லாப், ஒண்ணுமேல ஒண்ணா மனுஷங்க மேலயே விழுந்துச்சு. 61 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டுல இருந்து வேலைக்கு வந்தவங்க.

பக்கத்துலயே நின்ன இன்னொரு 11 மாடியும் பாதுகாப்பில்லைனு, 2016 நவம்பர் 2-ம் தேதி வெடிவச்சுத் தகர்த்தாங்க.