புதைக்கப்பட்ட மொழியும் பேரப்பிள்ளைகளும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்கு அருகேயுள்ள வறண்ட நிலப்பகுதியில் மார்ஃபா என்னும் சிற்றூர் உள்ளது. மெக்சிக வம்சாவளிக் குழந்தைகளுக்கெனத் தனியே நடத்தப்பட்ட அவ்வூர் பிளாக்வெல் பள்ளியில், 1954ஆம் ஆண்டு ஒரு சவ அடக்கம் நடந்தது. இறந்தவராகக் கருதப்பட்டவர் 'திரு. ஸ்பானிஷ்'. மாணவர்கள் எழுதிக்கொடுத்த தாள்துண்டுகள் ஒரு பெட்டியில் இடப்பட்டு, பள்ளி வளாகத்திலேயே புதைக்கப்பட்டன. வீட்டில் தாயிடம் பேசும் மொழியைப் பள்ளியில் பேசிய குழந்தைகள் அங்கே தண்டனை பெற்றனர். 1965இல் மூடப்பட்ட அப்பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது.

அந்த அடக்கத்துக்குப் பின்னிருந்த அச்சம் பின்னரும் நீடித்தது. 1998இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள், பொதுப்பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தும் 227ஆம் முன்மொழிவை நிறைவேற்றினர். அக்கட்டுப்பாடு 2016இல்தான் மற்றொரு வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது. 2004இல் அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன், முந்தைய குடியேறிகளைப்போல மெக்சிகர்களும் பிற லத்தீன் அமெரிக்கர்களும் பெரும்பான்மைப் பண்பாட்டில் கலக்கவில்லை என்றும், அமெரிக்கா இரு மொழிகளாகவும் இரு பண்பாடுகளாகவும் பிளவுபடும் ஆபத்தில் உள்ளது என்றும் எழுதினார்.

இக்கூற்றைத் தரவுகளோடு ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. ரூபன் ரும்பாவ்ட், டக்ளஸ் மாஸி, ஃபிராங்க் பீன் ஆகிய மூவரும், குடியேறிகளின் தாய்மொழி எத்தனை தலைமுறை உயிர்வாழ்கிறது என்பதைத் தெற்குக் கலிஃபோர்னியாவில் கணக்கிட்டனர். எல்லைக்கு அப்பால் ஸ்பானிஷ் பேசும் நாடு. இப்பால் ஸ்பானிஷ் வானொலி, தொலைக்காட்சி, கடைத்தெரு. அம்மொழி நிலைப்பதற்கு அந்நாட்டில் இதைவிடத் தோதான இடம் அரிது. அங்கேயே மெக்சிக வம்சாவளியினரிடம் அதன் ஆயுள் ஏறத்தாழ மூன்று தலைமுறைதான். குடியேறியவர் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் கற்கிறார். பிள்ளை இரண்டையும் பேசுகிறது. பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் சில சொற்கள் மட்டுமே மிஞ்சுகின்றன.

அந்தப் பேரப்பிள்ளைக்கு இன்று வேறொரு குற்றச்சாட்டு காத்திருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூன்றாம் தலைமுறையினரிலும் அதற்குப் பிந்தையவரிலும் மூன்றில் ஒரு பங்கினரே ஸ்பானிஷில் நன்கு உரையாட முடியும் என்கின்றனர். அம்மொழி அதிகம் அறியாத லத்தீனோக்களில் பாதிக்கு மேற்பட்டோர், சக லத்தீனோக்களே அதன்பொருட்டுத் தம்மைச் சிறுமைப்படுத்தியதாகக் கூறியுள்ளனர். இவர்களுக்கு 'நோ சாபோ' பிள்ளைகள் என்றொரு கேலிப்பெயரும் உண்டு. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு ஸ்பானிஷில் 'நோ சே' என்பதே வழக்கு. பிற வினைகளின் ஒழுங்கான வாய்பாட்டை இவ்வினைக்கும் பொருத்தினால் 'நோ சாபோ' வரும். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கற்கும் சிறுகுழந்தைகள் எங்கும் செய்யும் பிழைதான் இது. இலக்கண விதியைக் குழந்தை தானே கண்டுகொண்டது என்பதற்கு மொழியியலார் காட்டும் சான்றும் இதுவே. ஒரு குழந்தையின் கற்கும் திறனைக் காட்டும் சொல், அதன் குறையைச் சுட்டும் பட்டப்பெயராகிவிட்டது.

மொழியை இழந்தது பேரப்பிள்ளையின் அலட்சியத்தால் அன்று. தாம் பட்ட அடி தம் பிள்ளைக்கு வேண்டாம் என்று எண்ணிய பெற்றோர் பலர், வீட்டிலும் ஆங்கிலத்தையே பேசினர். அது அன்பினால் எடுத்த முடிவு. அதன் விலையைப் பேரப்பிள்ளைகள் பாட்டியோடு பேச முடியாத மௌனத்தில் செலுத்துகின்றனர்.

பொதுமக்கள் மனப்பான்மையோ எல்லையில் நடப்பதற்கும் அரசியல் பேச்சுக்கும் ஏற்ப ஏறி இறங்குகிறது. குடியேற்றம் குறைக்கப்பட வேண்டும் என்றோர் கேலப் நிறுவனத்தின் கணிப்பில் 2024இல் 55 விழுக்காடு; மறு ஆண்டே 30 விழுக்காடு. ஓராண்டில் இத்தனை மாறும் கருத்தைக் கொண்டு, தலைமுறைகளாக அங்கேயே வாழும் மக்களை அளப்பது எங்ஙனம்? 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் மக்கள் 6.2 கோடிக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். எல்லையைக் கடந்தவர்களைப் பற்றிய விவாதத்தில், எந்த எல்லையையும் கடந்திராத பிள்ளைகளே பெரிதும் பேசுபொருளாகின்றனர்.

பாட்டி ஸ்பானிஷ் பேசியதால் அந்நியர் ஆனார். பேத்தி அதைப் பேசாததால் அந்நியர் ஆகிறார். ஒரே குடும்பத்தின் மீது எதிரெதிரான இரண்டு குற்றங்களையும் சுமத்த முடிகிறதென்றால், கேட்கப்படுவது மொழித்தேர்ச்சி அன்று. 'நீ எங்களில் ஒருவர்தானா' என்பதற்கான அத்தாட்சி. எந்த விடை எழுதினாலும் தோற்கும்படி வினாத்தாள் அமைந்திருக்கையில், தேர்வு எழுதிய குழந்தையை விட்டுவிட்டு வினாத்தாளைத் திருத்துவதே முறை.