டம்ளருக்குள் சிரிக்கும் பல்செட்

அனுப்பர்பாளையத்தில் ஒரு வீட்டு ஜன்னல் திண்டில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தாகத்தில் அதை எடுத்துக் குடித்துவிடக் கூடாது. உள்ளே அந்த வீட்டு அப்பாருவின் பல்செட், இருபத்தெட்டுப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு கிடக்கும். கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது மட்டும் அது அவர் வாய்க்குள் போகும். போட்டோகிராபர் நகர்ந்ததும் சட்டைப் பைக்கு வந்துவிடும்.

அப்பாரு முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். பீஸ் ரேட் கணக்கு. கத்திரிக்கோலைத் தேடுகிற நேரத்தில் இன்னொரு பீஸ் ஓட்டிவிடலாம் என்று நூலைப் பல்லாலேயே அறுத்தவர். (இப்படி நூல் கடிக்கும் தையல்காரர்களின் முன்பல்லில் சின்னதாக ஒரு வெட்டு விழும் என்று பல் மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிறது.) ஆனால் பல் மொத்தமாகப் போனதற்கு நூல் காரணம் இல்லை. வெற்றிலையும் புகையிலையும் ஒரு பக்கம், ஈறு வீக்கம் ஒரு பக்கம். லீவு போட்டால் கூலி போகுமே என்று வலி தாங்காத அன்றைக்கு மட்டும் டாக்டரிடம் போய், "புடுங்கி உட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வந்தது இன்னொரு பக்கம்.

பல்செட் கட்டி ஆறு வருஷம் ஆகிறது. பணம் போட்டு வாங்கிய பொருளை ஒருவர் ஏன் டம்ளரில் போட்டு வைக்கிறார்? வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "அவருக்குப் பழகலை. வயசாச்சில்ல..."

இந்தப் பதில் சரியா என்று பார்க்க, கொஞ்சம் எலும்புக் கதை தெரிய வேண்டும்.

பல் இருக்கும்வரைதான் தாடையில் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பல் போனதும் அந்த மேடு கரைய ஆரம்பிக்கும். டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர் பல்செட் போட்டவர்களை 25 வருஷம் தொடர்ந்து கவனித்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீழ்த்தாடை மேடு, மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாகக் கரைகிறது என்பது அதில் தெரிந்தது. மேல் செட்டாவது அண்ணத்தில் அப்பிக்கொண்டு நிற்கும். கீழ் செட்டுக்கு அந்த வசதியும் இல்லை, பக்கத்திலேயே நாக்கு வேறு தள்ளிக்கொண்டிருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அளவெடுத்த சட்டை, ஆள் இளைத்தபின் தோளில் நிற்குமா? அப்படித்தான் இதுவும். அப்பாருவுக்குப் பழகவில்லை என்பது பாதி உண்மை. அவர் தாடைதான் பழைய தாடையாக இல்லை.

இதற்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. 1952இல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானிய வேர்கள் பொருத்தப்பட்டன. 2006இல் அவர் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் அவை நிலைத்திருந்தன. இன்றைய இம்ப்ளான்ட்டின் ஆரம்பம் இதுதான்.

இம்ப்ளான்ட் என்றால் வாய் முழுக்க வைக்க வேண்டும் என்றில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு. எலும்போடு அவை ஒட்டியதும் தலையில் ஒரு சின்னக் குமிழ் வைப்பார்கள். பல்செட்டின் அடியில் அதற்கேற்ற குழி. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், குழந்தைச் சட்டையில் வைக்கிற டிச் பட்டன்தான்! அழுத்தினால் மாட்டும், இழுத்தால் கழலும், பேசினால் ஆடாது.

2002இல் கனடாவில், மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நிபுணர்கள் கூடினார்கள். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் சிகிச்சையாக வெறும் பல்செட்டைச் சொல்வது இனிப் பொருந்தாது, இரண்டு இம்ப்ளான்ட்டில் மாட்டும் செட்டே முதலில் வர வேண்டும் என்று அறிவித்தார்கள். 2009இல் இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் கூடியவர்களும் அதையே ஆதரித்தார்கள்.

சரி, எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தார்கள்? மெல்லும் திறனை அளந்தார்கள், எலும்பை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். ஆனால் பெரிய இடம் கொடுத்தது நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு. காகிதத்தில் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. ஒரு முனை 'துளியும் திருப்தி இல்லை', மறுமுனை 'முழுத் திருப்தி'. நடுவில் எங்கே வேண்டுமானாலும் நோயாளியே கோடு கிழிக்கலாம். இன்னொன்று கேள்விப் பட்டியல். 1994இல் ஆஸ்திரேலியாவில் உருவான பட்டியலைச் சுருக்கி, பல்லே இல்லாதவர்களுக்கென்று 2002இல் 19 கேள்விகள் ஆக்கினார்கள். மெல்லக் கஷ்டமாக இருக்கிறதா, உணவு அடியில் சிக்குகிறதா, இதனால் வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா... இப்படி.

அந்தக் கடைசிக் கேள்வியை அப்பாருவிடம் கேட்டிருந்தால்? சொந்தத்தில் கெடா விருந்து என்றால் இப்போதெல்லாம் அவர் "நீங்க போயிட்டு வாங்க, வீட்டுக்கு ஒரு ஆளு வேணுமல்ல" என்கிறார். வீட்டைக் காக்கத்தான் இருக்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்தது காசு. காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மெக்கில் ஆய்வாளர்கள் 2005இல் இரண்டு சிகிச்சைக்கும் வாழ்நாள் செலவைக் கணக்கிட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார்கள். சாதாரண செட்டுக்கு ஆண்டுக்கு 399 கனடிய டாலர், இம்ப்ளான்ட் செட்டுக்கு 625. மலைபோலத் தெரிந்த வித்தியாசம் பிரித்துப் பார்த்தால் சுருங்கிவிடுகிறது. ஆனால் பீஸ் ரேட்டில் வாழ்ந்தவருக்கு யார் பதினெட்டு வருஷத் தவணை தருவார்கள்? முதல் நாளே மொத்தத் தொகை. போதாததற்கு, டிச் பட்டனுக்குள் இருக்கும் ரப்பர் அல்லது நைலான் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இருந்தால் தோற்றுப்போகும் வாய்ப்பும் கூடும். நம் ஊரில் பெரும்பாலான அப்பாருகளுக்குச் சாதாரண செட்தான் கதி. கர்நாடகத்தில் ஏழை முதியவர்களுக்கு அரசே இலவசமாகப் பல்செட் தரும் 'தந்த பாக்யா' என்ற திட்டம் வந்ததும் அந்தச் சாதாரண செட்டுக்காகத்தான்.

அதற்காக மனசு விட வேண்டாம். அதே மெக்கில் குழு 2005இல் இன்னொன்றையும் காட்டியது. பல கட்டமாக அளவெடுத்துச் செய்த செட்டையும், எளிய முறையில் குறைந்த செலவில் செய்த செட்டையும் போட்டவர்களிடம் கேட்டால் திருப்தியில் பெரிய வித்தியாசமே இல்லை! 2013இல் வந்த ஆய்வு இன்னும் ஆச்சரியம். இம்ப்ளான்ட் போட்டவர்கள் சத்தாகச் சாப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பினரின் சாப்பாட்டிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பல வருஷம் குழைந்த சோறே சாப்பிட்டவருக்குக் கடலையைப் பற்றிய நினைப்பே போயிருக்கும். பல்லை மாட்டிவிடலாம், பழக்கத்தை யார் மாற்றுவது?

போன தைப்பொங்கல் விடுமுறையில் வந்த பேத்தி ஒருநாள் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அப்பாரு, இத மாட்டுனா எங்கீங்க வலிக்குது?"

"கீழ, எடது பக்கம் கண்ணு. முள்ளாட்டக் குத்துது."

"இத்தன வருசமா ஏனுங்க சொல்லல?"

"ஆரும் கேக்கலியே சாமி."

அடுத்த வாரமே ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார்கள். மேற்படிப்பு மாணவர் ஒருவர் செட்டின் அடியில் ஒரு பசையைத் தடவி மாட்டிப் பார்த்து, குத்தும் இடத்தைக் கண்டுபிடித்துச் சீவிவிட்டார். கரைந்த தாடைக்கு ஏற்ப அடியில் புதுப் பூச்சும் கொடுக்கச் சொன்னார். இரவில் கழற்றி வைப்பது நல்ல பழக்கம், பகலில்தான் போட வேண்டும் என்றார். அங்கே நடக்கும் ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்றும் கேட்டு, தமிழில் அச்சடித்த ஒப்புதல் தாளைப் படித்துக் காட்டினார். விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை நிற்காது என்றதும் அப்பாரு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவரிடம் கேள்வி கேட்டவர்களை எண்ணினால், ஆறு வருஷத்தில் வீட்டில் கேட்டவர்களைவிட அதிகம்.

இப்போதும் எலும்புக் கறியை அவரால் கடிக்க முடியாது. முறுக்கை டீயில் நனைத்துத்தான் தின்கிறார். ஆனால் போன மாதம் கெடா விருந்துக்கு முதல் ஆளாக வண்டியில் ஏறிவிட்டார். டம்ளர் இரவில் மட்டும் ஜன்னலுக்கு வருகிறது.

உங்கள் வீட்டு ஜன்னலிலும் இப்படி ஒரு டம்ளர் இருக்கலாம். இருந்தால், இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.