ஐந்து ஆறான கதை

செருப்புக் கடையின் பெண்கள் பகுதியில், கணவன்மார்களுக்கென்றே ஒரு குட்டி ஸ்டூல் போட்டிருப்பார்கள். மனைவியின் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து, "நல்லாருக்கு", "இதுவும் நல்லாருக்கு" என்று சொல்வது நம் கடமை. எதைப் பார்த்து எப்போது சொன்னோம் என்பது நமக்கு மறந்துவிடும். அவர்களுக்கு மறக்காது.

என் மனைவியின் உயரம் நாலடி பதினோரு அங்குலம். கேட்டால் ஐந்தடி ஒன்று என்பாள். நடுவில் உள்ள இரண்டு அங்குலம் செருப்பினுடையது. ஒரு தனியார் கம்பெனியில் வரவேற்பாளர் வேலை. அங்கே ஹீல்ஸ் என்பது எழுதப்படாத சட்டம். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. "பஸ்ல மேல் கம்பி எட்டுதுங்க. அப்புறம், மேனேஜர்கிட்ட அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டியதில்ல" என்பாள். முதல் காரணத்தைக் கேலி செய்திருக்கிறேன். இரண்டாவதை ஒருநாளும் செய்ததில்லை. ஆபீசில் அண்ணாந்து பார்த்துப் பேசும் கழுத்து வலி நமக்கும் தெரிந்ததுதானே?

ஹீல்ஸ் ஏதோ பெண்கள் சமாசாரம் என்று இளைஞர்கள் சிரிக்க வேண்டாம். அதை முதலில் மாட்டிக்கொண்டது நம்ம ஆட்கள். பாரசீகக் குதிரை வீரர்களுக்கு அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கக் குதிகால் உயரம் தேவைப்பட்டது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னர் சிவப்புக் குதிகால் வைத்துத்தான் சபைக்கு வருவார். பிறகு சாமர்த்தியமாக நாம் கழற்றிக்கொண்டோம்.

அவள் முழுகாமல் இருந்த ஐந்தாம் மாதம். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினால், வார் பட்ட இடமெல்லாம் வாய்க்கால் வெட்டியது போல் பள்ளம். மாமியார் ஊரிலிருந்து போனில் தீர்ப்பு சொன்னார்: "நீர் கோத்திருக்கு மாப்ள. பார்லி கஞ்சி வெச்சுக் குடுங்க." 

டாக்டரம்மா கணக்கை விவரமாகச் சொன்னார். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதி கூடிவிடுமாம். வளரும் கர்ப்பப்பை கீழிருந்து திரும்பும் ரத்தக் குழாய்களை அழுத்தும். அதனால் சாயங்காலமானால் கால் வீங்கும். போதாக்குறைக்கு, பிரசவத்துக்கு இடுப்பைத் தயார் பண்ண ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. அவை மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்தும்போது, 'நீ இடுப்பு, நீ பாதம்' என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பாதத்தின் வளைவும் இறங்குகிறது. வயிறு முன்னால் இழுக்க, முதுகு பின்னால் வளைகிறது. 2007-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆராய்ச்சி இன்னொன்று சொல்கிறது. இந்த வளைவைத் தாங்க, பெண்களின் கீழ் முதுகில் மூன்று எலும்புகள் ஆப்பு வடிவில் அமைந்திருக்கின்றன. ஆண்களுக்கு இரண்டுதான். தொப்பை வளர்க்கும் அன்பர்கள் கவனிக்கவும்.

இந்த நிலையில் இரண்டு அங்குல ஹீல்ஸ் போட்டால் என்ன ஆகும்? உடம்பின் பாரம் இன்னும் முன்னால் தள்ளி விரல் பக்கம் விழும். கணுக்கால் தளர்ந்திருப்பதால் சட்டென்று பிரளும். "அதுக்காக ஹவாய் செருப்பு மாதிரி தட்டையா வாங்காதீங்க, வளைவுக்குத் தாங்கல் இருக்காது. ஓர் அங்குலத்துக்குள்ள, அகலமான குதிகாலா பாருங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். இதை மட்டும் நான் தமாஷ் பண்ணப் போவதில்லை. கால் வீக்கம் சகஜம். ஆனால் முகமும் கைகளும் திடீரென்று வீங்கினால், அல்லது தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்து வந்தால், பார்லி கஞ்சி வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. ரத்தக் கொதிப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

செருப்பு வாங்கச் சாயங்காலம்தான் போனோம். காலையில் பொருந்துவது மாலையில் பொருந்தாது. அவள் வழக்கம்போல "அஞ்சு நம்பர்" என்றாள். கடைப் பெண் அவள் வயிற்றைப் பார்த்தது, பாதத்தைப் பார்த்தது, ஒன்றும் பேசாமல் ஆறு எடுத்து வந்தது. "நான் அஞ்சுதான்ப்பா." "எனக்கும் அஞ்சுதாங்க்கா இருந்துச்சு. பையன் பொறந்தப்புறம் ஆறு" என்றது அந்தப் பெண். நாள் பூரா நின்றுகொண்டே இருக்கும் கால்கள். (கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான்.)

பின்பக்கம் வார் வைத்த, வெல்க்ரோ ஒட்டுகிற ஜோடியாக வாங்கினோம். பக்கிள் வேண்டாம் என்றது நான்தான். ஏழாம் மாதத்துக்கு மேல் குனிந்து மாட்டுவது நம்ம டிபார்ட்மெண்ட் ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். வெல்க்ரோ இருந்தும் அது நம்ம டிபார்ட்மெண்ட்தான் ஆயிற்று.

பெண் குழந்தை பிறந்தது. வீக்கம் வடிந்தது. லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய காலையில் பழைய கறுப்பு ஹீல்ஸில் காலை விட்டாள். போகவில்லை. இன்னொரு ஜோடி. அதுவும் இல்லை. ஆறு ஜோடியும் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 49 பெண்களின் பாதங்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் பிரசவத்துக்கு ஐந்து மாதம் கழித்தும் அளந்தார்கள். பத்தில் ஆறேழு பேருக்குப் பாதம் நீண்டிருந்தது, 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை. இங்கிலீஷ் கணக்கில் ஒரு செருப்பு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர். அந்தக் காலத்தில் ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்து ஏற்படுத்திய அளவு. மாமியார் பார்லியை விடாததில் ஏதோ பொருத்தம் இருக்கிறது.

அன்று இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. அவளே பேசினாள். "வயிறு எறங்கிடுச்சானு எல்லாரும் கேக்கறாங்க. வெயிட் கொறஞ்சுதானு கேக்கறாங்க. கால் என்னைக் கேக்காமலே மாறிடுச்சு. அதை யாருமே கேக்கல."

ஓர் அங்குலச் செருப்போடு வேலைக்குப் போனாள். முதல் வாரமே மேலதிகாரி ஒருவர், "டிரஸ் கோட் ஞாபகம் இருக்கில்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். 2015-ல் லண்டனில் நிக்கோலா தோர்ப் என்ற வரவேற்பாளரை, ஹீல்ஸ் போடவில்லை என்று சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் போட்ட மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு, 2017-ல் பார்லிமெண்டில் விவாதமே நடந்தது. இருக்கிற சட்டமே போதும் என்று அரசு சொல்லிவிட்டது. என் மனைவி பார்லிமெண்ட் வரை போகவில்லை. "ஞாபகம் இருக்கு சார். காலுக்குத்தான் ஞாபகம் இல்ல" என்றாளாம். அவர் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் இப்போது அவரோடு பேச அவள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அது அவளுக்கு உறுத்துகிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆறு ஜோடியில் ஐந்தை அவள் தங்கை எடுத்துக்கொண்டாள். கறுப்பு மட்டும் பரண் மேல், பேப்பர் சுற்றிய பெட்டியில் இருக்கிறது. நான் கேட்பதில்லை.

மெட்டியும் இறுகிவிட்டது. தெருமுனைப் பத்தரிடம் போனோம். வெட்டி, கொஞ்சம் வெள்ளி சேர்த்து ஊதிக் கொடுத்தார். "தலைச்சனாம்மா?" என்றார். அவள் தலையாட்டினாள். "அப்ப ஒரு தடவை பெருசு பண்ணாப் போதும். ரெண்டாவதுக்கு அவ்வளவா மாறாது."

அயோவாக்காரர்கள் 49 பேரை அளந்து சொன்னதும் அதேதான், முதல் பிரசவத்தில்தான் பெரிய மாற்றம் என்று. பத்தர் அதற்குத் தனியாக ஏதும் வாங்கவில்லை. வெள்ளிக்கும் கூலிக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு, அடுத்த ஆளின் கொலுசை எடுத்தார்.