மலைப்பாதையில் ஒரு நட்டு

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குத் தனிக்களை வந்துவிடும். மலர்க் காட்சி, குதிரைப் பந்தயம் ஆகியவற்றோடு மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்பந்தயமும் அங்கு பெயர் பெற்றது. 1934-ஆம் ஆண்டில் தொடங்கிய பந்தயம் அது. சென்ற வசந்த காலத்தில் குடும்பத்தோடு சென்று அந்த விழாக்கோலத்தைக் கண்டு களித்துவிட்டு, நானுஓயா, தலவாக்கலை வழியாக அட்டனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம்.

சென் கிளேயர் அருவியைப் பிள்ளைகள் வியந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையில் முன்சில்லிலிருந்து ‘கட கட’ என்று ஓர் ஓசை எழுந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஐந்து நட்டுகளில் ஒன்றைக் காணோம். இரண்டு விரல் பட்டதும் சுழன்றன. அழகுக்காக நான் வாங்கிப் பூட்டிய நீலநிற அலுமினிய நட்டுகள் அவை. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு, பின்னிருக்கையில் குழந்தைகள். சற்று நேரம் எனக்குப் பேச்சே எழவில்லை.

இருந்தவற்றை முறுக்கிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஒரு சிறு லேத் பட்டறையை அடைந்தோம். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அதை நடத்துகிறார். அவருடைய லேத்தில் அப்போது சுழன்றுகொண்டிருந்ததும் அலுமினிய நட்டுத்தான்! அடுத்த மலையேற்றப் பந்தயத்துக்காக ஓர் இளைஞர் செய்யச் சொல்லியிருந்தாராம்.

அறுகோணக் கம்பியைப் பிடியில் பூட்டி, முகத்தைச் சீவி, பத்தரை மில்லிமீட்டர் துளையிட்டு, அதில் பன்னிரண்டு மில்லிமீட்டர் புரி வெட்டினார். அலுமினியம் மென்மையானது, சீவல் உளியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடிக்கடி மண்ணெண்ணெய் விட்டார். இறுதியில் உளித்தாங்கியை முப்பது பாகை சாய்த்து, நட்டின் வாயைக் கூம்பாகக் கடைந்தார். அக்கூம்பு சில்லின் குழியில் ஒழுங்காக அமர்ந்தால்தான் சில்லு நடுவில் நிற்கும்.

“எனக்கும் இதேபோல ஒன்று கடைந்து கொடுங்கள், பாஸ் ஐயா” என்றேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். “தம்பிக்குச் செய்வேன், உங்களுக்குச் செய்ய மாட்டேன் ஐயா. அவர் மலை ஏறுகிறவர், நீங்கள் இறங்குகிறவர்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பந்தயத்தில் எடைதான் கணக்கு. அறுபது கிராம் உருக்கு நட்டை அதே அளவில் அலுமினியத்தில் செய்தால் இருபது கிராம்தான். இருபது நட்டுகளுக்கு எண்ணூறு கிராம் மிச்சம். ஏறும்போது எஞ்சின்தான் உழைக்கும், பிரேக்குக்கு வேலை குறைவு. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் நட்டைச் சோதிக்கலாம். புரி தேய்ந்தால் எறிந்துவிடலாம். கீழே இறங்கும் குடும்ப வண்டியிலோ பிரேக் நெருப்பாய்ச் சுடும். அச்சூடு நட்டுக்கும் ஏறும். சூட்டில் அலுமினியம் உருக்கைப்போல் இரு மடங்கு விரியும், வலுவும் குன்றும். கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் அதன் மென்மையான புரி தேயும். பிடி தளர்ந்தால் சில்லு ஆடும். ஆடினால் மற்ற நட்டுகளும் ஒவ்வொன்றாகக் கழலும்.

பேசிக்கொண்டே பழைய டப்பாவைத் துழாவி, புரியும் கூம்பும் பொருந்தும் உருக்கு நட்டுகளைப் பொறுக்கினார். சில்லில் இருந்த திருகாணிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, நட்சத்திரம் வரைவதுபோல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினார். ஒரு மீட்டர் நீளமான பிடியின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற முறுக்கு; சிறு கார்களுக்கு ஏறக்குறைய அவ்வளவு வேண்டும்.

இந்தக் கைத்திறன் மலைநாட்டுக்குப் புதிதன்று. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். தொழிற்சாலைகள் பெருகின. கொழுந்து உருட்டும் பொறிகள் கடல் கடந்து வந்தன. அவை பழுதானால் மாற்று உறுப்புக்குக் கப்பலை எதிர்பார்த்திருக்க முடியுமா? 1875-ஆம் ஆண்டில் அட்டனில் தோன்றிய பிரவுண் கம்பெனி, தோட்டங்களின் பொறிகளுக்காகவே எழுந்த நிறுவனம். கொழுந்து பறித்த கைகளைப் பற்றி நாடு அறியும். அப்பொறிகளை ஓடவைத்த கைகளைப் பற்றிப் பேசுவார் குறைவு.

பெரியவருக்கு இத்தொழிலைக் கற்பித்தவர் அவருடைய அண்ணன். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் அண்ணனும் ஒருவர். “போகும்போது அவர் எனக்குத் தந்தது இந்த அளவுகோல் ஒன்றுதான் ஐயா” என்று, தேய்ந்துபோன கருவி ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். அன்று காலையும் அதனால் அளந்துதான் வேலையைத் தொடங்கினாராம்.

கூலியாக அவர் கேட்டது சொற்பம். புறப்படும்போது, “எண்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள், மறந்துவிடாதீர்கள்” என்று என் மனைவியிடமும் சொல்லி வைத்தார். என் மறதியை அவர் கண்டுகொண்டார் போலும்!

அவிசாவளையைக் கடந்ததும் மனைவி நினைவூட்டினாள். நிறுத்திச் சோதித்தேன். நான்கு அசையவில்லை, ஒன்று மட்டும் இம்மியளவு இடம் கொடுத்தது. அதையும் இறுக்கிவிட்டு வீடு சேர்ந்தோம். மற்ற மூன்று சில்லுகளிலிருந்த நீல நட்டுகளையும் மறுநாளே கழற்றிவிட்டேன். அவை இப்போது என் மேசைமீது காகிதங்கள் பறக்காமல் காக்கின்றன.