படகுப் பொறியும் நானும்

காவிரியின் கிளைகள் கடலைத் தேடிவரும் நாகப்பட்டினத்துக் கரையில் பிறந்தவன் நான். 1991 வரை எங்கள் ஊரும் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்ததே. மேற்கே உழவர்கள் சூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்குமா என்று எதிர்நோக்கியிருப்பர். கடுவையாற்று முகத்துவாரத்தில் படகு கட்டியிருக்கும் நாங்களோ, 61 நாள் மீன்பிடித் தடை நீங்கும் சூன் 15ஐ எதிர்நோக்கியிருப்போம்.

2019ஆம் ஆண்டில் என் பெரியப்பாவின் விசைப்படகில் எஞ்சினைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கிருந்தது. தடை தொடங்கும் முன் பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுமாறு அவர் பணித்தார். சோம்பலால் விட்டுவிட்டேன், "மாற்றிவிட்டேன்" என்று பொய்யும் கூறினேன். சூன் மாதத்தில் திறந்து பார்த்தபொழுது, எண்ணெய் பால் கலந்த காப்பியைப்போல் வெளுத்திருந்தது. எவரும் அறியாமல் வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றினேன்.

படகு ஒரு வாரம் நன்றாகவே ஓடிற்று. பின்பு நடுக்கடலில் எஞ்சின் இருமத் தொடங்கியது. கரும்புகை எழுந்தது, காற்று உட்செல்லும் குழாயிலிருந்து 'டப் டப்' என்ற ஓசை வந்தது. கரை சேர்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது.

எங்கள் துறையின் முதிய மெக்கானிக் வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக எண்ணெய்க் குழாயின் மரையைத் தளர்த்தினார். மூன்றாவதைத் தளர்த்தியபொழுது மட்டும் ஓசை மாறவில்லை. அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். இன்ஜெக்டரை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. மேல்மூடியைக் கழற்றிக் கையால் சுழற்றச் சொன்னார். மற்ற வால்வுகள் நன்கு இறங்கின. மூன்றாம் சிலிண்டரின் புகைபோக்கி வால்வு சிறிதே அசைந்தது. வெளியேற வழியற்ற புகைதான் காற்றுக்குழாய் வழியே திரும்பியிருக்கிறது!

வால்வுகளைத் திறப்பது கேம் சாஃப்ட் என்னும் தண்டு. கிராங்க் தண்டு இருமுறை சுழல, இது ஒருமுறை சுழலும். இதன்மேலுள்ள முட்டை வடிவப் புடைப்புகளே தண்டுகளை உந்தி, வால்வுகளை உரிய நொடியில் திறக்கின்றன. வெளியே எடுத்தபொழுது ஒரு புடைப்பு தேய்ந்து ஏறத்தாழ வட்டமாகியிருந்தது. மற்றவற்றில் அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள்.

"புதுத் தண்டு போட்டுவிடலாம், இன்றிரவே புறப்பட வேண்டும்" என்றார் பெரியப்பா.

"துரு எப்படி வந்தது என்று தெரியாமல் போட்டால் இதுவும் தேயும், ஐயா. எண்ணெயில் தண்ணீர் கலந்ததா?" என்று கேட்ட மெக்கானிக், என்னை நோக்கினார்.

என் நாக்கு உலர்ந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. ஸ்பானரை நீட்டி, "எண்ணெய்க் குளிர்விப்பானைக் கழற்று, தம்பி" என்றார். அதில் காற்றடைத்து நீரில் அமிழ்த்தினோம். குமிழிகள் எழுந்தன. எஞ்சின் ஓடும்பொழுது எண்ணெயின் அழுத்தமே மிகுதி. ஆதலால் அதுதான் வெளியே கசியும். நிறுத்தியிருக்கும்பொழுதோ, கடல்நீர் மெல்ல எண்ணெய்க்குள் இறங்கும். 61 நாள்கள் அது இறங்கியிருக்கிறது.

புதிய குளிர்விப்பான், புதிய தண்டு, அதனோடு புதிய டாப்பெட்டுகள் யாவும் வாங்க வேண்டியதாயிற்று. பழைய டாப்பெட் புதுத் தண்டையும் தின்றுவிடுமாம். பல்சக்கரங்களின் குறிகளை நேராகப் பொருத்தி மூடுவதற்கு மூன்று நாள்களாயின. நான்காம் நாள் விடியலில் எஞ்சின் முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது.

அதன் செலவைப் பெரியப்பா என் பங்கிலிருந்து சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டார். அவ்வாண்டு தீபாவளிக்கு எனக்குப் புத்தாடை இல்லை. ஆயினும், எண்ணெய் அளவுகோலைப் பார்க்கும் வேலையை அவர் வேறு எவரிடமும் கொடுக்கவில்லை.